காடுன்னா என்னங்க சார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், தாவரவியல் துறை 1978–81 அணியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னோடு தாவரவியல் படித்தவர்களில் பாதிப்பேர் வங்கிக்குப் போனார்கள். சிலர் காப்பீட்டுக் கழகம், சிலர் கடல் கடந்து. நான் பி.எட். முடித்து, 1986 முதல் 2018 வரை, 32 ஆண்டுகள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்தேன். "படிச்ச படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டால், இந்த அரங்கில் தைரியமாகக் கை தூக்கக்கூடிய சிலரில் நானும் ஒருவன். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ்ஸி. மாணவனுக்கு ஒளிச்சேர்க்கையைப் பற்றிச் சொல்லிவிடலாம், எட்டு வயதுப் பிள்ளை "காடுன்னா என்னங்க சார்?" என்று கேட்டால் பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை.

முதலில் எப்போதும் படம் வரையச் சொல்வேன். "கண்ணுகளா, ஆளுக்கொரு காடு வரைங்க பார்க்கலாம்." பாதிப்பேர் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், கீழே ஒரு சிங்கம் என்று வரைவார்கள். சிங்கம் இல்லாத காட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாக நிஜ மலை தெரிகிறது. அதில் யானை இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, கரடி இருக்கிறது. ஆனால் பிள்ளை சிங்கத்தைத்தான் வரைகிறது. குஜராத்தில் கிர் காட்டையும் அதைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரப் பகுதியையும் விட்டால், இந்தியாவில் வேறெங்கும் காட்டில் சிங்கம் கிடையாது. கிணற்றில் குதித்த சிங்கத்தின் கதையைப் படித்த பிள்ளைக்குக் கதையில் வந்த காடுதான் காடு. ஜன்னலுக்கு வெளியே இருப்பது வெறும் 'மலை', அல்லது 'பாரஸ்ட்'. "பாரஸ்ட்டுக்குள்ள போனா கார்டு புடிச்சுக்குவார்" என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும்.

மீதிப் பாதிப்பேர் வரைவது இன்னும் வேடிக்கை. வரிசை வரிசையாகச் சோளம், ஓரத்தில் கிணறு, மோட்டார் ரூம், கட்டுத்தறியில் இரண்டு மாடு. "இது என்ன கண்ணு?" "எங்க காடுங்க சார்." கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம். சோளக்காடு, பருத்திக்காடு, வாழைக்காடு. காங்கேயம் பக்கம் போனால் கொறங்காடு என்று ஒன்று. கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, மாடு மேய்க்கவென்றே வைத்திருக்கும் நிலம். செத்தால் போகிற இடமும் சுடுகாடு. மழை அதிகமாகப் பெய்தால் ஊரே வெள்ளக்காடு. அந்தப் பிள்ளை வரைந்தது தப்பே இல்லை.

இந்தக் கேள்வியில் திணறுவது நான் மட்டுமில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த உத்தரவு, 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் காடு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளையே கொள்ள வேண்டும், அது யாருக்குச் சொந்தம் என்பது கணக்கில்லை என்றது. தமிழ் அகராதியைப் புரட்டியிருந்தால் நீதியரசர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும். நல்லவேளை, ஆங்கில அகராதியோடு போயிற்று. இந்திய வன அளவைத் துறையின் கணக்கு வேறு மாதிரி. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது மரத்தின் நிழற்பரப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால், என்ன மரம், யாருடைய நிலம் என்று பார்க்காமல் அது வனப்பரப்பில் சேரும். அப்படிக் கணக்கிட்டுத்தான் 2021 அறிக்கையில் தமிழ்நாட்டுக்கு 26,419 சதுர கிலோமீட்டர், அதாவது 20.31 விழுக்காடு வந்தது. நாடு முழுமைக்கும் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்பது 1988 வனக் கொள்கை.

இந்தக் கணக்கை ஒருமுறை ஐந்தாம் வகுப்பில் எளிமையாகச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "அப்படின்னா எங்க தென்னந்தோப்பும் காடுங்களா சார்?" கணக்குப்படி ஆமாம். ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. "வா, போய்ப் பார்க்கலாம்" என்றேன்.

பள்ளிக்குப் பின்னால் ஓடை. ஓடையின் இந்தப் பக்கம் அந்தப் பையன் வீட்டுத் தோப்பு. அந்தப் பக்கம் யாரும் கை வைக்காத ஊர்க்கோயில் நிலம், பழைய மரங்களோடு இருந்தது. சரட்டுக் கயிற்றால் இரண்டு இடத்திலும் இரண்டு முழத்துக்கு இரண்டு முழம் சதுரம் கட்டினோம். ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து, அந்தச் சதுரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம். தோப்பில் உழுது சுத்தமாக வைத்திருந்த மண். கொஞ்சம் எறும்பு, ஒரு கோரைப்புல், ஒரு குரும்பை, மூன்று நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். கோயில் பக்கத்துக் கோஷ்டி எழுந்திருக்கவே இல்லை. சருகைத் தூக்கினால் அடியில் ஈரம்; ஈரத்துக்கு அடியில் வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சை; மரவட்டை, ஒரு குட்டித் தேள் (நான் பதறிப்போனேன், பிள்ளைகள் பதறவில்லை), ஏதோ பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த வேப்பங்கன்று. பக்கம் போதவில்லை என்று அடுத்தவன் நோட்டைப் பிடுங்கி எழுதினார்கள்.

பிறகு ஒரு செம்புத் தண்ணீர். தோப்பு வரப்பின் காய்ந்த மண்ணில் ஊற்றினால் ஓடிப் போயிற்று, கூடவே மண்ணையும் இழுத்துக்கொண்டு. சருகின் மேல் ஊற்றினால் போன இடம் தெரியவில்லை. "தண்ணி எங்கடா போச்சு?" "குடிச்சுப்போடுச்சுங்க சார்." இந்த ஒரு வார்த்தை கிடைத்த பிறகு, சிறுவாணி அணையைச் சுற்றி ஏன் காடு இருக்க வேண்டும் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. காடு மழைக்காலத்தில் குடித்துவைத்ததைக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதைத்தான் நாம் கோயம்புத்தூரில் குடத்தில் பிடித்து, இந்தத் தண்ணிக்கு ஈடு உண்டா என்று பெருமை பேசுகிறோம். தோப்புக்காரப் பையன் மட்டும் கொஞ்சம் வாடிப்போய் நின்றான். "தோப்பு கெட்டதில்லை கண்ணு, உங்க வீட்டுக்குச் சோறு போடுது. ஆனா அது வேற, இது வேற" என்றேன். சமாதானமாகிவிட்டான்.

அந்த ஓடைக்கரையில் ஓர் அத்திமரம் இருந்தது. எத்தனையோ ஆண்டுகள் அந்த ஒரு மரத்தை வைத்தே பிழைத்தேன் என்று சொல்லலாம். 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அத்தி எப்போது பூக்கும்? எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை, பிள்ளையின் பாட்டியும் பார்த்ததில்லை. ஒரு பிஞ்சை எடுத்து பிளேடால் இரண்டாக அறுத்து, நம் துறையில் அந்தக் காலத்தில் வாங்கிய கைலென்ஸைக் கையில் கொடுப்பேன். உள்ளே நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் பூ! பூ வெளியே வராமல், காய் என்று நாம் நினைக்கிற உருண்டைக்குள்ளேயே சுவரில் ஒட்டிக்கொண்டு பூத்துக்கிடக்கிறது. அத்தி பூக்கவில்லை என்று சொன்ன ஊர் முழுக்க ஏமாந்திருக்கிறது என்பதில் பிள்ளைகளுக்கு ஏற்படும் சந்தோஷத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

சரி, பூ உள்ளே அடைபட்டுக் கிடந்தால் மகரந்தத்தை யார் கொண்டுவந்து கொடுப்பது? நுனியில் ஒரு சின்னத் துளை. கொசுவைவிடச் சின்னதான ஒரு குளவி, பெண் குளவி, அதன் வழியாக நெருக்கியடித்து உள்ளே நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் சிறகு பிய்ந்துவிடும். தான் பிறந்த அத்தியிலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகிறது. அதன் பிள்ளைகள் உள்ளேயே வளர்ந்து, ஆண் குளவிகள் சுவரைக் குடைந்து வழி செய்துகொடுக்க, பெண் குளவிகள் மகரந்தத்தோடு அடுத்த மரம் தேடிப் பறக்கின்றன. அத்தி, ஆல், அரசு என்று ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்றே பழகிய குளவி வேறு. அந்தக் குளவி இல்லாவிட்டால் விதை இல்லை. அந்த மரம் இல்லாவிட்டால் குளவி இல்லை. 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்று பழமொழி சொன்னவர் பிட்டுப் பார்த்தார். கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். ஒருமுறை இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "அப்படின்னா ஒரே ஒரு அத்திமரத்தை மட்டும் பள்ளிக்கூடத்துல நட்டா அது என்னங்க சார் பண்ணும்?" மரம் நடு விழாக்களில் தலைமை உரை ஆற்றும் பெரியவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பள்ளியில் மேலே இருக்கும் பதியிலிருந்து இருளர் வீட்டுப் பிள்ளைகள் இறங்கி வந்து படித்தார்கள். அவர்களில் ஒரு பெண். வாய்ப்பாடு வராது, கட்டுரை வராது, வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். ஓடைக்கு அழைத்துப்போன நாளில் அவளை நிறுத்த முடியவில்லை. இது வெக்காலி, இது உசில், இதன் இலையை உலர்த்தித்தான் அரப்பு. இந்தக் கொடிக்கு அடியில் கிழங்கு இருக்கும், தோண்டினால் தலைப்பாகத்தை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். நான் மூன்று வருடம் படித்து, லத்தீன் பெயரோடு ஹெர்பேரியத் தாளில் ஒட்டியது எல்லாவற்றையும் அவள் பாட்டியிடம் கேட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு வகுப்பில் மற்றவர்கள் அவளை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்காக அவளுக்கு வாய்ப்பாடு வந்துவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் பள்ளிக்கு வருவதை நிறுத்தவில்லை. எட்டாம் வகுப்பு வரை வந்தாள். அந்தப் பதியிலிருந்து அதற்கு முன் ஒரு பெண்ணும் எங்கள் பள்ளியில் எட்டு முடித்ததில்லை.

இனி, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

1991இல், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடம் வந்தது. 2001இல் தேசிய பசுமைப் படை வந்தது. நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் பாடம் என்றால் போட்டி, போட்டி என்றால் பேச்சு, பேச்சு என்றால் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து கையை ஆட்டி ஒப்பிப்பது என்று ஆகிவிடுகிறது. அப்படி ஒரு போட்டிக்குத் தலைப்பு வந்தது: 'காடு நமது நண்பன்'. நான்காம் வகுப்பில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு பையன் இருந்தான். பெயர் கொடுக்கச் சொன்னேன். எழுந்து நின்றான், பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: "எங்க அப்புச்சிய யானை மிதிச்சுக் கொன்னுபோடுச்சுங்க சார். நான் அப்படிப் பேச மாட்டேனுங்க."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த சம்பவம்தான். விடியற்காலம் தண்ணீர் கட்டப் போனவர், வாழைக்காட்டுக்குள் நின்றிருந்த ஒற்றை யானையைப் பார்க்கவில்லை. நகரத்தில் வளரும் பிள்ளைக்கு யானை என்றால் கோயில் வாசலில் ஆசீர்வாதம் செய்வது, பொம்மை, கார்ட்டூன். மலையடிவாரத்துப் பிள்ளைக்கு யானை என்றால் ராத்திரி பட்டாசுச் சத்தம், அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவது, சில வீடுகளில் மாலை போட்ட போட்டோ. அந்தப் பிள்ளையிடம் 'காடு நமது நண்பன்' என்று எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்ல எந்த வாத்தியாருக்கும் உரிமை கிடையாது என்பது என் அபிப்பிராயம். "உட்காரு சாமி" என்றேன். போட்டிக்கு அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து யாரையும் அனுப்பவில்லை.

அதற்குப் பதிலாக, ஓய்வுபெற்ற ஒரு வனக் காவலரை அழைத்து வந்தேன். நல்லது கெட்டது எதுவும் பேசவில்லை அவர். வாய்க்கால் ஈரத்தில் பதிந்திருந்த யானையின் முன்னங்கால் தடத்தைக் காட்டி, கயிற்றை அதைச் சுற்றி வைத்து அளக்கச் சொன்னார். அந்தச் சுற்றளவைப் போல் இரண்டு மடங்குதான், ஏறக்குறைய, யானையின் தோள் உயரம். பிள்ளைகள் கயிற்றை இரண்டு மடங்காக்கிச் சுவரில் வைத்துக் கோடு போட்டார்கள். வகுப்பறைக் கதவைத் தாண்டிப் போயிற்று. பிறகு லத்தியைக் குச்சியால் கிளறினோம். மூங்கில் நார், புளியங்கொட்டை, கூடவே ஒரு பிஸ்கட் உறை. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தீனி வேண்டும், அதற்காக நடந்துகொண்டே இருக்கும், கூட்டத்தை வழிநடத்துவது வயதான பெண் யானை என்றெல்லாம் சொன்னார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது, தனியாக நிற்கும் யானையை ஏன் கூடுதலாகப் பயப்பட வேண்டும், கோடையில் எந்தப் பள்ளம் வழியாக இறங்கும், விடியும் முன் எங்கே போகக்கூடாது என்பதும் சொன்னார். பையன் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் கலைந்த பிறகு காவலரிடம் போய், "அன்னிக்கு வந்த யானை எவ்வளவு உசரம் இருந்திருக்குமுங்க?" என்று கேட்டான். அவர் அவன் தலையில் கை வைத்து, "அளக்கலியே சாமி" என்றார்.

அவன் இப்போது அதே ஊரில் விவசாயம் பார்க்கிறான். யானை இறங்கினால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் முதல் தகவல் அவனிடமிருந்துதான் வருகிறது. யானை மேல் பிரியம் வந்துவிட்டதா என்று நான் கேட்டதில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, பிள்ளைகளை மலைப்பக்கம் கூட்டிப்போவது என்றாலே தலைமையாசிரியர்கள் கும்பிடு போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது ஒன்று நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும், அது வேண்டியதுதான். ஆனால் நான் சொன்ன எதுவும் காப்புக்காட்டுக்குள் நடந்ததில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஓடைக்கரை, கோயில் நிலம், வாய்க்கால் மேடு, கிளுவை வேலி. ஊர் எல்லைக்குள் இன்னும் மிச்சமிருக்கும் துண்டு துணுக்குகள். அதுவும் இல்லாத டவுன் பள்ளிக்கு, கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அங்கே மரத்துண்டுகளைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் செத்த மரம்ங்க சார்" என்றார்கள். உண்மைதான், ஆனாலும் போய்ப் பார்க்கத்தக்கது.

எனக்கு ஒரே ஒரு குறை. இப்போது அந்தப் பள்ளிகளில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்கள் நல்லவர்கள், உற்சாகமானவர்கள். ஆனால் ஓடைக்கரைக்குப் போனால் எந்த மரம் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களுக்குத் துணை வேண்டும். இங்கே நம் தாவரவியல் துறையில் இளங்கலை மாணவர்கள் இருக்கிறார்கள், லென்ஸ் இருக்கிறது, நாங்கள் ஒட்டிவைத்த ஹெர்பேரியத் தாள்கள் பூச்சி அரிக்காமல் இன்னும் இருக்கின்றன; காலையில் போய்ப் பார்த்தேன், என் கையெழுத்தில் ஒரு உசில் இருக்கிறது. இவர்களை அவர்களோடு சேர்த்துவைக்க வேண்டியதுதான் பாக்கி. துறைத்தலைவரிடம் பேசிவிட்டேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, முதலில் மூன்று பள்ளிகள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் 1981 அணியின் பொறுப்பு, பணம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் எழுதிய பழைய நோட்டுகள் சிலவற்றைத் துறை வாசலில் மேசை போட்டு வைத்திருக்கிறேன். வர விரும்பும் மாணவ மாணவியர் சாப்பாடு முடிந்ததும் அங்கே வந்து பெயர் கொடுக்கலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் முள் அதிகம்.